மாத்திரை உண்டு, பரிசோதனை இல்லை: இணை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

எங்கள் வட்ட அரசு மருத்துவமனையின் ஆய்வகக் கதவில் கடந்த தை மாதம் ஒரு தாள் ஒட்டப்பட்டது. 'ஐ.என்.ஆர். பரிசோதனை இங்கு நிறுத்தப்பட்டுள்ளது. தேவைப்படுவோர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகவும்.' ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுவோருக்கு அதன் அளவு சரிதானா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. தாளில் கையெழுத்து இல்லை, தேதி இல்லை. ஒரு மூலை பிய்ந்து, மின்விசிறிக் காற்றில் அது இன்னமும் ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டு முறை நேரிலும் ஒரு முறை பதிவுத் தபாலிலும் காரணம் கேட்டேன். எழுத்தில் எதுவும் வரவில்லை. வாய்வழியாக வந்தது இதுதான்: 'மாதம் இருபது பேர்கூட வருவதில்லை. அதற்காக ஒரு பாட்டில் ரசாயனத்தைக் கரைத்தால் பாதி வீணாகிறது. அதுவும் போக, ஐ.என்.ஆர். தேவைப்படாத புது மாத்திரைகள்தான் வந்துவிட்டனவே.'

வீணாகிறது என்பது உண்மை. மற்ற இரண்டும் தவறு. ஏன் தவறு என்பதை 29 ஆண்டுகள் அந்த ஆய்வகத்துக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. ஈசிஜி டெக்னீஷியனாக இருந்து சென்ற ஜூன் மாதம் ஓய்வுபெற்றேன். ரப்பர் குமிழ்களை நெஞ்சில் ஒட்டவைக்கும் பழைய இயந்திரத்திலிருந்து, தானே நோயின் பெயரையும் அச்சடித்துத் தரும் புது இயந்திரம் வரை கையாண்டிருக்கிறேன். ஜெல்லி தீர்ந்துபோன மாதங்களில் பஞ்சில் தண்ணீர் தொட்டு வேலையை ஓட்டியிருக்கிறேன். எதை எழுதினாலும் நோயின் பெயரை நான் எழுதக்கூடாது. தாளை மருத்துவரிடம் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. ஆனால் பார்த்துப் பார்த்து, ஒரு தாள் இயந்திரத்திலிருந்து பாதி வெளியே வரும்போதே கண்ணில் குத்தும் ஒரு வடிவம் உண்டு. கூரான அலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடைவெளியில் வரும். கயிறு பிடிக்காமல் நட்ட நாற்று போல இருக்கும். அவற்றுக்கு முன்னால் வரவேண்டிய சிறு மேடு, பி அலை, காணாமல் போயிருக்கும்; அந்த இடத்தில் கோடு மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். வார்டில் எல்லாரும் சொல்வது ஏ.எஃப்.

உங்களுக்கு இது பாடம் எடுப்பதாகாது. இந்த மடலைப் படிக்கப்போகும் ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமே நடுங்குவதுதான் இந்த நோய். தள்ளப்படாத ரத்தம் தேங்கும். இடது மேலறையின் ஓரத்தில் காது மடல் போல ஒட்டியிருக்கும் சிறு பையில் அது உறையும். அந்தக் கட்டி ஒருநாள் கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊர்மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1978-லேயே இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டது: ஏ.எஃப். இருந்தால் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். அதோடு, தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வும் கெட்டிருந்தால் 17 மடங்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. ஆனால் அது கத்திமேல் நடக்கும் மருந்து. குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும். எவ்வளவு போதும் என்பதைச் சொல்லும் எண்தான் ஐ.என்.ஆர். பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மிட்ரல் வால்வு இருந்த இடத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இன்னும் சற்று மேலே.

இப்போது நம் மருத்துவமனையில் நடப்பதைப் பாருங்கள். மருந்தகத்தில் வார்ஃபரின் மாதாமாதம் தவறாமல் கிடைக்கிறது. பத்தடி தள்ளி அதை அளக்கும் கதவு மூடியிருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலினைக் கொடுத்துவிட்டு, சர்க்கரை பார்க்க 62 கிலோமீட்டர் போ என்று நாம் சொல்வோமா?

அந்தத் தாள் ஒட்டப்பட்ட பிறகு என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். பெயர் வேண்டாம், கணவர் எழுதச் சொல்லித்தான் எழுதுகிறேன். 41 வயது, நடவு வேலைக்குப் போகிற பெண். பதினோரு வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக வந்த காய்ச்சல் மிட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. 26 வயதில் பலூன் வைத்து விரித்தார்கள். 36-இல் ஏ.எஃப். வந்தது, அந்தத் தாளை எடுத்தவள் நான்தான். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை நீல மூடிக் குழாயில் ரத்தம் கொடுத்துவிட்டு, என் அறை வாசலில் வந்து உட்கார்ந்து, 'அக்கா, இந்த மாதம் என்ன நம்பர்?' என்பார். திங்கள், புதன், வெள்ளி ஒரு அளவு, மற்ற நாள் ஒரு அளவு. தீப்பெட்டியில் மாத்திரையைப் போட்டு, பாதியாக்க வேண்டிய நாளில் அரிவாள்மனையில் வெட்டுவார். ஒருமுறை வயிற்றுப்போக்குக்கு வெளிக்கடையில் மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிட்டு, அது வார்ஃபரினோடு சேர்ந்து எண்ணை 6-க்கு மேல் ஏற்றிவிட்டது. அன்று காலையே கண்டுபிடித்து, மாத்திரையை நிறுத்தி, இரண்டு நாள் வார்டில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பரிசோதனை பக்கத்தில் இருந்ததால் அது ஒரு சம்பவமாகவே ஆகவில்லை.

இந்த ஆண்டு மாசியில் அவருக்கு ஈறு கசிந்தது. வந்தார். கதவில் தாள். மருத்துவக் கல்லூரிக்குப் போவதென்றால் காலை 5.40 பஸ், நடுவில் ஒரு மாற்றம், வரிசை, முடிவு வாங்க மாலை, திரும்ப இரவு. ஒரு நாள் கூலி போக, துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். ஈறு கசிந்தால் மாத்திரை கூடிவிட்டது என்று பொருள் என அவருக்குத் தெரியும், நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். அதனால் தானே பாதியாக்கினார். கசிவு நின்றது. நின்றதால் பாதியே சரி என்று இருந்துவிட்டார். சித்திரையில் ஒரு காலை, படியில் அரிசி அளந்துகொண்டிருந்தவர் கையிலிருந்து படி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரால் எழ முடியவில்லை. மருத்துவக் கல்லூரியில் அன்று எடுத்த ஐ.என்.ஆர். 1.1. மாத்திரையே சாப்பிடாதவருக்கு இருக்கும் எண் அது. இன்று வலது கை மடியில் கிடக்கிறது. 'அக்கா' என்ற சொல் இரண்டாம் முயற்சியில் வருகிறது.

அவர் செய்தது தவறுதான். கையில் எண் இல்லாதவர் வேறு என்ன செய்வார்?

புது மாத்திரைகள் பற்றி. அவை நல்லவை, வால்வில் கோளாறு இல்லாத ஏ.எஃப். நோயாளிகள் பலருக்கு வார்ஃபரினைவிட வசதியானவை. அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெண்ணுக்கு அவை ஆகாது. ருமாட்டிக் வால்வு நோயும் ஏ.எஃப்.-உம் சேர்ந்த 4,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளை 24 நாடுகளில் வைத்து, புது மாத்திரைகளில் ஒன்றான ரிவரோக்சபானையும் வார்ஃபரின் வகை மருந்தையும் ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் முன்னின்று நடத்தியவர்களில் அடக்கம். பழைய மருந்து எடுத்தவர்களிடையேதான் இறப்பு குறைவு, ரத்தக்கசிவும் அதிகமில்லை. உலோக வால்வுக்காரர்களுக்கு இன்னொரு புது மாத்திரையான டாபிகட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வையோ, ரத்தக் கட்டியும் கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள்; அதன் முடிவு வந்தது 2013-இல். ஏழைகளின் இதய நோய் என்று பெயரெடுத்தது ருமாட்டிக் வால்வு நோய். அரசு மருத்துவமனையை விட்டால் வேறு கதி இல்லாத அந்தக் கூட்டத்துக்குத்தான் ஐ.என்.ஆர். இன்றும் கட்டாயம். புது மாத்திரையைக் காட்டி அந்தக் கதவை மூடியது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்து, 'இருபது பேர்கூட வருவதில்லை' என்பது. இந்த எண் என்னை உறுத்துகிறது, ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

என் அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருந்தன. நம் மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவுக்கு மாதம் தவறாமல் வருவார். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்துவார்கள். இயந்திரம் உறுமி, காற்றை விட்டு, எண்ணுக்குப் பதிலாகப் பிழைக் குறி காட்டும். 'பேட்டரி போய்விட்டது' என்று மாற்றுவார்கள். அடுத்த முறை 150 வரும், அதற்கடுத்து 118 வரும். மூன்றாவதாக வந்ததை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்வார்: 'என் கையைக் கண்டால் அந்த மிஷினுக்கு ஆகவில்லை.' நானும் சிரித்திருக்கிறேன். நாடி தாறுமாறாக ஓடும்போது அந்த இயந்திரம் அப்படித்தான் தடுமாறும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினம் ஐம்பது பேருக்கு ஈசிஜி எடுத்த நான், என் அப்பாவின் மணிக்கட்டில் ஒருநாளும் மூன்று விரலை வைத்துப் பார்க்கவில்லை.

71 வயதில் ஒரு விடியற்காலை, கொல்லைப்புறத்தில் விழுந்து கிடந்தார். பேச்சு போய்விட்டது. எவ்வளவு நேரம் கிடந்தார் என்று தெரியாததால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியவில்லை. பக்கவாத வார்டில் எடுத்த ஈசிஜியில் கயிறு பிடிக்காத நாற்று. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவருடைய நோட்டைப் புரட்டினேன். 26 மாதப் பதிவுகள். ரத்த அழுத்தம் மாதத்துக்கு ஒன்று, சர்க்கரை மாதத்துக்கு ஒன்று. நாடிக்கென்று ஒரு கட்டம் அச்சாகியிருந்தது. அதில் 26 மாதமும் 72.

யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. ஒரு நாளைக்கு 200 பேரைப் பார்க்கும் செவிலியர் அவர். இயந்திரம்தான் நாடியையும் காட்டுகிறதே என்று நம்பிய தலைமுறை. (72 என்பதையாவது இயந்திரத்தைப் பார்த்து எழுதியிருக்கலாம்.) நான் சொல்ல வருவது வேறு. நாடியைத் தொடாத மருத்துவமனையில் ஏ.எஃப். கண்டுபிடிக்கப்படாது. கண்டுபிடிக்கப்படாதவர் வார்ஃபரினுக்கு வரமாட்டார், ஐ.என்.ஆர். வரிசையிலும் நிற்கமாட்டார். நேரே பக்கவாத வார்டுக்குத்தான் போவார். இருபது பேர்கூட இல்லை என்ற அந்த எண்ணை வைத்து, தேவை இல்லை என்று நீங்கள் முடிவெடுத்திருக்கிறீர்கள்.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய நான்கு மாதங்கள் ஒரு காரியம் செய்தேன். அனுமதி கேட்காமல் செய்ததால் இப்போது சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமைகளில் மதியம் கூட்டம் குறைந்த பிறகு, தொற்றா நோய்ப் பிரிவு வரிசையில் உட்கார்ந்திருந்த முதியவர்களின் மணிக்கட்டைப் பிடித்தேன். ஆளுக்கு ஒரு நிமிடம். சந்தேகம் வந்தவர்களை அறைக்குள் அழைத்து ஈசிஜி எடுத்து, தாளை மருத்துவரிடம் கொடுத்தேன். சிலருக்குச் சாதாரண இடைத்துடிப்புதான். புதிதாக ஏ.எஃப். உறுதியானவர்கள் ஒன்பது பேர். அவர்களில் படபடப்பு என்று ஒருவர்கூட அதுவரை சொன்னதில்லை. 'மாடி ஏறினால் மூச்சு வாங்குது, வயசாச்சு' என்றுதான் சொன்னார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர் எதற்காக வந்தாலும் நாடியைத் தொட்டுப் பாருங்கள் என்று ஐரோப்பிய இதய மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டிகள் வெகுகாலமாகச் சொல்கின்றன. அதற்கு இயந்திரம் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

ஏ.எஃப். மட்டுமல்ல, நம் மருத்துவமனையின் நடைமுறையே தாளக் கோளாறுகளைத் தப்பவிடுவதற்காக அமைத்தது போல இருக்கிறது. படபடப்பு என்று வருபவர் முதலில் சீட்டு போட வேண்டும், பிறகு மருத்துவர் அறை வரிசை, பிறகு அவர் எழுதிக்கொடுத்தால் ஈசிஜி வரிசை. என்னிடம் வந்து படுக்கும்போது ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், படபடப்பு நின்றிருக்கும், தாள் சுத்தமாக வரும். 'ஒன்றுமில்லை, பயம்தான்' என்று அனுப்பிவிடுவார்கள். இளம்பெண்ணாக இருந்தால் நிச்சயம் பயம்தான். பிளஸ் டூ படித்த ஒரு மாணவியை மூன்று முறை இப்படி அனுப்பினோம். பரீட்சை பயம் என்றார்கள், தாயத்தும் கட்டியாகிவிட்டது. நான்காம் முறை அவளுடைய அம்மா சீட்டு வரிசையை மீறி நேரே என் அறைக்குள் இழுத்துவந்தார். கழுத்து நரம்பு தவளை போலத் துடித்துக்கொண்டிருந்தது. தாளில் நிமிடத்துக்கு 196, துடிப்புக்குத் துடிப்பு ஒரே இடைவெளி. மேலறைப் பகுதியில் மின்சாரம் வட்டமடிப்பதால் வரும் அதிவேகத் துடிப்பு, எஸ்.வி.டி. ஓடிவந்த பயிற்சி மருத்துவர், 10 மில்லி சிரிஞ்சை அவள் வாயில் கொடுத்து, தண்டு நகரும்வரை 15 விநாடி ஊதச் சொன்னார். பிறகு சட்டென்று படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நெருக்கியடித்து வந்த அலைகள் நின்றன; ஒரு விரல்கடை வெற்றுக் கோடு; பிறகு அமைதியாக ஒரு பி அலை. அந்தத் தாளை வைத்துத்தான் பெரிய மருத்துவமனையில் மின்பாதையைக் கண்டுபிடித்து, ரேடியோ அலைச் சூட்டில் அதை அடைத்தார்கள். மாத்திரைகூட இல்லாமல் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அன்று அந்த அம்மா வரிசையில் நின்றிருந்தால் நான்காவது சுத்தமான தாள் கிடைத்திருக்கும்.

ஆகவே கேட்கிறேன்.

ஐ.என்.ஆர். பரிசோதனையை நம் மருத்துவமனையில் திரும்பத் தொடங்குங்கள். ரசாயனம் வீணாவதுதான் தடை என்றால், வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள்; எல்லாரும் அன்றே வருவார்கள், ஒரு பாட்டில் முழுதாகச் செலவாகும். அவசரத்துக்கு, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கும் கையடக்கக் கருவி ஒன்று வார்டில் இருக்கட்டும். அதற்கும் நாளாகும் என்றால், அதுவரை நோயாளியை அனுப்பாதீர்கள், குழாயை அனுப்புங்கள். நீல மூடிக் குழாயில் கோடு வரை சரியாக நிரப்பி எடுத்த ரத்தம் இந்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் வரை தாங்கும். மாவட்டத் தலைநகருக்கு மருத்துவமனை வண்டி எப்படியும் போய் வருகிறது. முடிவைப் போனில் சொன்னால் போதும்.

தை மாதத்திலிருந்து ஐ.என்.ஆர். பார்க்காதவர்கள் எத்தனை பேர், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஆய்வகப் பதிவேட்டை வைத்து ஒவ்வொருவரையும் இந்த மாதத்துக்குள் அழைத்துப் பார்க்க உத்தரவிடுங்கள். 40-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் அதில் இருக்கிறது. போன் எண் இல்லாதவர்களின் தெரு எனக்குத் தெரியும், வந்து காட்டுகிறேன். போகும்போது ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு மாத்திரை அட்டை கொடுங்கள்: இன்றைய எண், இந்த வார அளவு, எந்த அறிகுறிக்கு ஓடிவர வேண்டும், எந்த வலி மாத்திரையைத் தொடக்கூடாது. கீரையே கூடாது என்று மிரட்டாமல், எப்போதும் ஒரே அளவில் சாப்பிடச் சொல்லுங்கள். முருங்கைக்கீரையை விட்டவர்கள் வேறு என்னத்தைத் தின்பார்கள்? ஈசிஜி தாளின் நகலையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் சூட்டில் கறுப்பது. பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேஷன் போட்டு, முழுக் கறுப்பாக என்னிடம் கொண்டுவந்து நீட்டியவர்கள் பலர்.

தொற்றா நோய்ப் பிரிவில் 65 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரின் மணிக்கட்டையும் விரலால் தொட்டு எண்ண வேண்டும் என்றும், நாடி ஒழுங்கில்லை என்றாலோ இயந்திரம் இரண்டு முறை பிழை காட்டினாலோ அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும் என்றும் எழுத்தில் சுற்றறிக்கை அனுப்புங்கள். நாடிக் கட்டத்தில் எண்ணோடு 'ஒழுங்கு' அல்லது 'ஒழுங்கில்லை' என்று ஒரு சொல்லும் இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்க்கும் மகளிர் தன்னார்வலர்களுக்கும் இதை அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அது உங்கள் அதிகாரத்தில் வராது என்று தெரியும். மாவட்ட சுகாதார அலுவலருக்கும் இந்த மடலின் படி போகிறது.

படபடப்பு, மயக்கம் என்று வருபவருக்கு முதலில் ஈசிஜி, பிறகு சீட்டு. இதற்குப் பணம் வேண்டாம், ஒரு பலகை போதும்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்ற பதில் வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்: வியாழக்கிழமை மதியங்கள் எனக்கு ஓய்வுதான். சம்பளம் வேண்டாம். இந்த முறை அனுமதி மட்டும் எழுத்தில் கொடுங்கள். முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால், கதவில் அந்தத் தாளை ஒட்டச் சொன்ன உத்தரவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஈசிஜி டெக்னீஷியன்